ஆறு ஓடலையே!

சிங்கப்பூர் வந்து பதினோரு வருஷம் ஆச்சு. இந்த ஊர் ஆத்துல படகு ஏறினது போன டிசம்பர்லதான் முதல் தடவை.

சிரிக்காதீங்க. மெட்ராஸ்லயே பொறந்து வளர்ந்தவங்க எத்தனை பேர் மெரினா கலங்கரை விளக்கத்துல ஏறியிருக்காங்கன்னு கேட்டுப் பாருங்க. உள்ளூர்ல இருக்கறதை நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட்டுடுவோம். கிளார்க் கீ பக்கம் ஆபீஸ் விருந்துக்குப் போவேன். கீழ படகு போகும். அதுல இருக்கற டூரிஸ்ட் யாராவது கை ஆட்டுவாங்க. நானும் ஆட்டுவேன். ஆத்துக்கும் எனக்கும் அவ்வளவுதான் பழக்கம்.

இந்தத் தடவை ஊர்லேர்ந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்தாங்க. அதனால ஏற வேண்டியதாப் போச்சு.

பெரியப்பாவைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். இல்லேன்னா இந்தப் பதிவு புரியாது. திருவையாத்துப் பக்கம். பொதுப்பணித்துறையில லஸ்கரா இருந்து ரிட்டயர் ஆனவர். (டெல்டாக்காரங்களுக்குத் தெரியும். மத்தவங்களுக்கு: ஆத்துலயும் வாய்க்கால்லயும் இருக்கற மதகுக்குக் காவல்காரர். மேலேர்ந்து சொல்ற அளவுக்கு ஷட்டரை ஏத்தி இறக்கறது அவர் வேலை. ராத்திரி ரெண்டு மணிக்கு வெள்ளம் வந்தா, ரெண்டு மணிக்கு டார்ச் லைட்டோட போய் நிக்கணும்.) அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் கப்பல்ல வேலை பார்த்த நம்ம ஊர் மாலுமிகளையும் லஸ்கர்னுதான் சொல்லியிருக்காங்க. அது வேற, இது வேற. ஆனா தண்ணிக்காரங்கங்கறது ரெண்டுக்கும் பொது.

இப்படிப்பட்ட மனுஷனை நான் கூட்டிட்டுப் போன நேரம்: மத்தியானம் ரெண்டு மணி.

தப்பு நம்பர் ஒண்ணு. அந்த நேரத்துல டிக்கெட் சுலபமாக் கிடைக்குது. ஏன் கிடைக்குதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கணும்.

தப்பு நம்பர் ரெண்டு. போன்லயே டிக்கெட் எடுத்துட்டு, எந்தப் படகுத்துறைன்னு சரியாப் படிக்கலை. ஆத்தோரம் நெடுக ஏகப்பட்ட படகுத்துறை இருக்கு. நாங்க ஒண்ணுல போய் நிக்கறோம், எங்க டிக்கெட் வேற ஒண்ணுக்கு. வெயில்ல பெரியம்மாவை நடத்திக் கூட்டிட்டுப் போனேன். "திருப்பதியில கூட இவ்வளவு நடக்கலடி"ன்னாங்க. (திருப்பதிக்கு அவங்க எப்பவும் பஸ்லதான் போவாங்க.)

தப்பு நம்பர் மூணு. முன்னாடி கூரைக்குக் கீழ உட்கார்ந்தோம். தலைக்கு மேலேயே ஸ்பீக்கர். பதிவு பண்ணி வெச்ச குரல் ஒண்ணு பேசுது. முதல்ல இங்கிலீஷ், அப்புறம் சீனம். தமிழ் இந்த நாட்டு ஆட்சி மொழி நாலுல ஒண்ணு. ஆனா நாங்க ஏறின படகுல அதுக்கு இடம் இல்லை. சரி, நானே மொழிபெயர்க்கலாம்னு பார்த்தா, குரல் அது பாட்டுக்குப் போகுது, படகு இது பாட்டுக்குப் போகுது. இடது பக்கம் பாருங்கன்னு சொல்லும்போது அந்தக் கட்டடம் எங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கு.

மீன்பிடி கிராமம், வானுயர்ந்த கட்டடங்கள், பொருளாதார அதிசயம். திரும்பத் திரும்ப இதே மூணு. கேட்டுக் கேட்டு அலுத்துப் போன நேரத்துல பெரியப்பா கையைத் தண்ணிப் பக்கம் நீட்டிட்டு ஒண்ணு கேட்டார்.

"ஏம்மா, ஆறு ஓடலையே?"

"ஓடுதே பெரியப்பா."

"படகு ஓடுது. ஆறு எங்க ஓடுது? அந்தா ஒரு இலை மிதக்குது பாரு. ஏறினதுலேர்ந்து பார்க்கறேன், இருந்த இடத்துலயே கிடக்கு. இது ஆறு இல்லை. ஏரி."

எனக்கு ரோஷம் வந்துடுச்சு. பதினோரு வருஷம் வரி கட்டற ஊர் ஆச்சே. வாதாடலாம்னு போனை எடுத்தேன். எடுத்துப் பார்த்தா அவர் சொன்னதுதான் சரி.

கடலும் ஆறும் சேர்ற இடத்துல 2008-ல மெரினா பேரேஜ்னு ஒரு தடுப்பணை கட்டியிருக்காங்க. அதுக்கு முன்னாடி இது அலை ஏறி இறங்கற உப்பு ஆறு. இப்போ நல்ல தண்ணி நிக்கற நீர்த்தேக்கம். இந்த ஊரோட பதினஞ்சாவது நீர்த்தேக்கம் இது. நாட்டோட நிலப்பரப்புல ஆறுல ஒரு பங்குல விழற மழை இங்கதான் வந்து சேருது. சுத்திகரிச்சுக் குடிதண்ணியா வருது. படகு போறது நம்ம வீட்டுக் குழாய்த் தண்ணி மேலதான்.

இதைப் பெரியப்பாகிட்ட சொன்னதும் மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்துட்டார். கட்டடத்தையே பார்க்கலை அதுக்கப்புறம். "ஷட்டர் எத்தனை? யார் திறப்பாங்க? கடல் மட்டம் ஏறினா என்ன பண்ணுவாங்க?" எனக்கு எதுவும் தெரியலை. ஸ்பீக்கர்ல வர்ற குரல் அதைப் பத்தி வாயே திறக்கலை.

பெரியம்மா தூங்கிட்டாங்க.

நாற்பது நிமிஷம். ஆளுக்கு இருபது வெள்ளிக்கு மேல. இறங்கும்போது எனக்கு எரிச்சல்தான் மிச்சம்.

ஆனா விட மனசில்லை. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி போனோம். (வீட்டுக்காரர் "மறுபடியுமா?"ன்னு ஒரு பார்வை பார்த்தார். பார்த்துட்டுப் போகட்டும்.) இந்தத் தடவை சாயங்காலம் ஆறே முக்காலுக்கு, பின்பக்கம் திறந்த இடத்துல. அங்க ஸ்பீக்கர் சத்தம் பாதிதான் வரும். வெயில் இறங்கி, ஏழு மணி வாக்குல விளக்கெல்லாம் ஒவ்வொண்ணா ஏறும். முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து நானே கொஞ்சம் படிச்சும் வெச்சிருந்தேன். இனிமே கைடு நான்தான்.

முதல்ல இந்தப் படகு. பம்போட்னு சொல்றாங்க. முன்னாடி ரெண்டு கண் வரைஞ்சிருக்கும், படகுக்கு வழி தெரியணும்னு. இந்த மாதிரிப் படகெல்லாம் ஒரு காலத்துல மூட்டை தூக்கினது. பெரிய கப்பல் வெளியில நங்கூரம் போட்டு நிக்கும். அங்கேர்ந்து அரிசி, ரப்பர், மிளகுன்னு சரக்கை ஏத்திக்கிட்டு வந்து போட் கீ கிடங்குல இறக்குவாங்க. அந்தப் படகு வகையில ஒண்ணுக்குப் பேரு தொங்காங். ப. சிங்காரத்தோட 'புயலிலே ஒரு தோணி' படிச்சவங்களுக்குத் தொங்கான்னா சட்டுனு புரியும். அதேதான்.

ஆரம்ப காலத்துல இந்த ஆத்துல படகு வலிச்சதுல நிறையப் பேர் நம்ம ஆளுங்க. சோழமண்டலக் கரையிலேர்ந்து வந்த சூலியா முஸ்லிம்கள். ஹொக்கியன், தியோசூ சீனர்கள் கைக்குத் தொழில் மாறினதெல்லாம் பின்னாடிதான். ஆத்துலேர்ந்து நாலு எட்டு வெச்சா சூலியா ஸ்ட்ரீட்னு இன்னும் பேர்ப்பலகை இருக்கு. அதை ஒட்டி மார்க்கெட் ஸ்ட்ரீட். செட்டியார்கள் கிட்டங்கி வெச்சு வட்டிக்கடை நடத்தின தெரு. கிட்டங்கியெல்லாம் போய் இப்போ கண்ணாடிக் கட்டடமா நிக்குது. ஆத்தோரம் ஒரு செட்டியார் வெண்கலச் சிலையா இருக்கார். நான் பத்து தடவையாவது அவரைக் கடந்து போயிருப்பேன். யாரோ வியாபாரின்னு நினைச்சிருக்கேன். (வெட்கமா இருக்கு.)

"எங்க தாத்தாவோட பங்காளி ஒருத்தர் சிங்கப்பூர் போறேன்னு நாகப்பட்டினத்துல கப்பல் ஏறினாராம். திரும்பி வரவே இல்லை"ன்னார் பெரியப்பா. எந்த வருஷம்னு கேட்டேன். தெரியலையாம். எனக்கு இது புதுச் செய்தி. நாற்பது வருஷமா வீட்டுல யாரும் சொன்னதில்லை. இதைச் சொல்ல அவருக்கு ஒரு படகு தேவைப்பட்டிருக்கு.

ரீட் பிரிட்ஜுன்னு ஒரு பாலம், 1889-ல கட்டினது. அந்தப் பக்கம் சாயங்காலமானா கதை சொல்றவங்க வந்து உட்காருவாங்களாம். மூட்டை தூக்கி அலுத்த சீனத் தொழிலாளிகள் சுத்தி உட்கார்ந்து கேப்பாங்க. கதைக்குக் கடிகாரம் ஊதுபத்தி. ஒண்ணு எரிஞ்சு முடிஞ்சா காசு வசூல். அப்புறம் அடுத்த ஊதுபத்தி. கதை சுவாரசியமா நிக்கற இடத்துலதான் பத்தி அணையும்னு நான் பந்தயம் கட்டறேன். நம்ம டிவி சீரியல்காரங்க இவங்ககிட்டதான் கத்துக்கிட்டிருக்கணும்.

அதே ஆத்துல இப்போ ஸ்பீக்கர். என்ன சொல்ல.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கேவனா பிரிட்ஜ். 1869. இரும்பைக் கிளாஸ்கோவுலேர்ந்து கொண்டு வந்து இங்க பூட்டியிருக்காங்க. பூட்டினது யாரு? இந்தியாவுலேர்ந்து தண்டனைக்காக நாடு கடத்தின கைதிகள். அவங்க கையால நடந்த கடைசிப் பெரிய வேலை இதுதான்னு சொல்றாங்க. கேவனாங்கறவர் இந்த ஊரை இந்தியாவுக்குக் கீழ வெச்சு ஆண்ட காலத்தோட கடைசி கவர்னர். கவர்னர் பேரு பாலத்துல இருக்கு. கைதி பேரு எங்கேயும் இல்லை.

இந்தப் பாலத்துல ஒரு வேடிக்கையும் உண்டு. ரொம்பத் தாழ்வாக் கட்டிட்டாங்க. கடல் ஏறி வந்தா படகு கீழ நுழையாது. தண்ணி இறங்கற வரைக்கும் சரக்கோட காத்துக் கிடக்கணும். பத்தாததுக்கு ஊர் வண்டியெல்லாம் சேர்ந்து பாலம் தாங்கலை. அதனால 1910-ல பக்கத்துலயே ஆண்டர்சன் பிரிட்ஜ் கட்டினாங்க. மாடு, குதிரை, கனமான வண்டி இது மேல வரக்கூடாதுன்னு கேவனா பிரிட்ஜ்ல பழைய அறிவிப்புப் பலகை இன்னும் தொங்குது. பெரியம்மா உடனே, "நம்ம ஊர்ல இந்த போர்டு வெச்சா மாடு அதுலயே முதுகு சொறிஞ்சுக்கும்"ன்னாங்க. (இந்தத் தடவை தூங்கலை. நேரம் மாத்தினதோட முதல் வெற்றி.)

ஆத்து வாய்க்கு வந்துட்டோம். இங்கதான் ஒரு பெரிய பாறை இருந்ததாம். ஆள் உயரத்துக்கும் மேல, முழுக்க எழுத்து. 1843-ல முகத்துவாரத்தை அகலப்படுத்தறோம்னு வெடி வெச்சுட்டாங்க. ஒரு துண்டு மட்டும் தேசிய அருங்காட்சியகத்துல இருக்கு. எழுத்தை இன்னிக்கு வரைக்கும் யாரும் முழுசாப் படிக்கலை. 2019-ல ஒரு ஆராய்ச்சியாளர், அதுல 'கேசரிவ'ன்னு ஒரு பகுதி தெரியுது, 'பரகேசரிவர்மன்'ங்கற சோழப் பட்டமா இருக்கலாம்னு சொல்லியிருக்கார். ராஜேந்திர சோழனுக்கு அந்தப் பட்டம் உண்டு. அவன் படை 1025 வாக்குல கடாரம் வரைக்கும் வந்ததும் உண்மை.

தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கிட்ட இதைச் சொல்லலாமா? சொல்லிட்டேன். "அப்போ நம்ம ஆள் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கான்!"

பெரியப்பா, நாலஞ்சு எழுத்துதான், அதுவும் 'இருக்கலாம்'தான். குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்கன்னு கெஞ்சினேன். நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள போட்டாச்சு.

மெர்லயன் பத்தி நான் என்ன சொல்ல. சிங்கத் தலை, மீன் உடம்பு, வாயிலேர்ந்து தண்ணி. டூரிஸத்துக்காக 1964-ல வரைஞ்ச முத்திரை, 1972-ல சிலையாச்சு. 1997-ல முன்னாடி ஒரு பாலம் வந்து அதை மறைச்சிடுச்சு. 2002-ல சிலையையே தூக்கி இந்தப் பக்கம் வெச்சுட்டாங்க. எழுபது டன். எல்லாரும் போட்டோ எடுக்கறாங்க. பெரியப்பா ஒரு பார்வை பார்த்துட்டு, "நம்ம கோயில் யாளிக்கு வால் மாட்டியிருக்காங்க"ன்னு சொல்லி முடிச்சுட்டார்.

அப்புறம் விரிகுடாவுல ஒரு சுத்து. மெரினா பே சாண்ட்ஸ் மூணு கோபுரம், மேல படகு மாதிரி ஒண்ணு. அழகுதான். நீங்க ஆயிரம் போட்டோவுல பார்த்ததேதான். தாண்டிப் போயிடறேன்.

திரும்பற வழியிலதான் அது நடந்தது. கரையோரம் கல்படியில சத்தம். குழந்தை கத்தற மாதிரி கீச்சுக் கீச்சுனு. நாலு தலை தண்ணிக்கு மேல வருது. நீர்நாய்! குடும்பமா மீன் பிடிக்குது. ஒண்ணு படியில ஏறி மீனை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுத் தலையைக் கடிக்குது. படகு மொத்தமும் மெர்லயனை மறந்துட்டு இந்தப் பக்கம் சாய்ஞ்சுடுச்சு.

பெரியப்பா எழுந்தே நின்னுட்டார். "இது நம்ம ஆத்துல இருக்கறதுதான்மா. நான் சின்ன வயசுல கொள்ளிடத்துல பார்த்திருக்கேன்." வீட்டுக்கு வந்து தேடினா காவிரியில இருக்கறதும் இங்க இருக்கறதும் ஒரே இனம்தான்.

இந்த இடத்துல நீர்நாய் குட்டி போடுதுன்னா அது சும்மா வந்தது இல்லை. இன்னிக்குப் பார்க்கறவங்களுக்கு நம்ப முடியாது, ஐம்பது வருஷம் முன்னாடி இது சாக்கடை. பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணைக் கழிவு, நடைபாதைக் கடைக் குப்பை, படகு எண்ணெய், கழிப்பறை வசதி இல்லாத குடிசைகள், எல்லாம் இந்தத் தண்ணியிலதான். 1977-ல பிரதமர் லீ குவான் யூ பத்து வருஷம் கெடு வெச்சார், இந்த ஆத்துலயும் காலாங் ஆத்துலயும் மறுபடி மீன் பிடிக்கணும்னு. பண்ணைகளை மூடினாங்க, குடிசைகளைக் காலி பண்ணி அடுக்குமாடிக்கு அனுப்பினாங்க, ஆத்தடிச் சேற்றை அள்ளினாங்க. 1987-ல சொன்ன மாதிரியே முடிச்சாச்சு.

சுத்தம் பண்ணது பெரிய காரியம். மறுக்க மாட்டேன். ஆனா 1983-ல சரக்குப் படகையெல்லாம் மொத்தமா பாசிர் பாஞ்சாங் பக்கம் அனுப்பிட்டாங்க. நூறு வருஷத்துக்கும் மேல இருந்த கூச்சலும் மூட்டை வாசனையும் ஒரேயடியாப் போச்சு. அதுக்கப்புறம் கொஞ்ச வருஷத்துல அதே மாதிரிப் படகுல நாற்காலி போட்டு, டிக்கெட் கிழிச்சு, இந்த ஆத்துல முன்னாடி எப்படி வேலை நடந்துச்சு தெரியுமான்னு சொல்லிக்கிட்டு ஓட்டறாங்க. நானும் காசு குடுத்து ரெண்டு தடவை ஏறியிருக்கேன். குறை சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. ஆனா மனசுல ஒரு சின்ன உறுத்தல்.

மறுநாள் பெரியப்பா காலையிலேயே சட்டை போட்டுட்டு ரெடி. "அந்த அணைக்குப் போலாம்."

கார்டன்ஸ் பை தி பே, யுனிவர்சல் ஸ்டூடியோஸ் எல்லாம் திட்டத்துல இருந்தது. எதுவும் நடக்கலை. மெரினா பே எம்ஆர்டி-லேர்ந்து 400-ஆம் நம்பர் பஸ் பிடிச்சு பேரேஜுக்குப் போனோம். நுழைவுக் கட்டணம் கிடையாது. மேல புல்வெளிக் கூரையில பிள்ளைங்க பட்டம் விட்டுக்கிட்டிருந்தாங்க. ஒரு பக்கம் கடல். மறு பக்கம் நல்ல தண்ணி. நடுவுல 350 மீட்டர் அணை.

மனுஷன் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா எண்ணினார். ஒன்பது கதவு, ஒவ்வொண்ணும் முப்பது மீட்டர் அகலம்.

"ஒன்பதா?"ன்னு கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் பேசலை. 2018 ஆகஸ்ட்ல முக்கொம்பு கொள்ளிடம் மேலணையில வெள்ளத்துல அடிச்சுட்டுப் போனதும் ஒன்பது மதகு. 1836-ல கட்டின அணை. அன்னிக்கு டிவி முன்னாடி உட்கார்ந்து அவர் சாப்பிடவே இல்லைன்னு பெரியம்மா சொன்னாங்க.

உள்ள கண்காட்சி மாதிரி வெச்சு எப்படி வேலை செய்யுதுன்னு விளக்கியிருக்காங்க. நான் படிச்சுச் சொல்லச் சொல்ல அவர் கேள்வி மேல கேள்வி. இந்தக் கதவை மேல தூக்க மாட்டாங்களாம். அடியில கீல். மழை பெஞ்சு தண்ணி ஏறும்போது கடல் தாழ்வா இருந்தா கதவை அப்படியே சாய்ப்பாங்க, தண்ணி மேல வழிஞ்சு கடலுக்குப் போகும். கடல் உயரமா இருந்தா கதவைத் திறக்க முடியாது, உப்புத் தண்ணி உள்ள வந்துடும். அப்போ பம்ப். ஏழு பம்ப், ஒவ்வொண்ணும் விநாடிக்கு 40 கன மீட்டர் தண்ணியை எடுத்து வெளியில தள்ளும்.

"கன அடியில சொல்லு."

போன்ல கணக்குப் போட்டேன். ஏழும் சேர்ந்து ஓடினா கிட்டத்தட்ட பத்தாயிரம் கன அடி.

"பத்தாயிரமா! குறுவைக்கு மேட்டூர்ல திறக்கற மாதிரி தண்ணியை, இவங்க பம்ப் வெச்சா இறைக்கறாங்க?" அந்த ஏழு பம்ப் இருக்கற கட்டடத்தைக் கோயில் கோபுரத்தைப் பார்க்கற மாதிரி பார்த்தார். மெரினா பே சாண்ட்ஸுக்கு அந்தப் பார்வை கிடைக்கலை.

கதவு சாயறதைப் பார்த்துட்டுத்தான் ஊருக்குப் போவேன்னு அடம். டிசம்பர் மாசம், தினமும் மழை பெய்யற ஊர். அவர் இருந்த மிச்ச நாலு நாளும் ஒரு சொட்டு விழலை. வானத்தைப் பார்த்துக்கிட்டே விமானம் ஏறினார்.

மறுநாள் மத்தியானம் கொட்டித் தீர்த்துச்சு. ஆபீஸ் ஜன்னல்ல எதிர்க் கட்டடம் தெரியலை. மூணு மணிக்கு வாட்ஸ்அப்ல கூப்பிட்டார். வீட்டுக்குள்ள இன்னும் பெட்டி பிரிக்கலையாம். எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டா, சிங்கப்பூர் வானிலையை போன்ல வெச்சுப் பார்த்துக்கிட்டிருக்கார்.

"ஷட்டர் சாய்ச்சானா?"

"தெரியலை பெரியப்பா, ஆபீஸ்ல இருக்கேன்."

"பஸ்சுல அரை மணி நேரம்தானே? போய்ப் பார்த்துட்டு போட்டோ அனுப்பு."

இன்னும் போகலை. உங்கள்ல யாராவது மழை நேரத்துல அந்தப் பக்கம் போனா, கதவு சாயற படம் ஒண்ணு எடுத்து அனுப்புங்க. வீடியோவா இருந்தா ரொம்பப் புண்ணியமாப் போகும்.